பேத்தை மீனும் என் சாய்வு நாற்காலியும்

இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒரு ஜீவனாவது வேண்டும் என்று முடிவு செய்தேன். சாதாரண முடிவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு! மறுநாளே கண்ணாடித் தொட்டி, கடல் உப்பு, உப்பை அளக்கிற கருவி, கட்டைவிரல் அளவு பேத்தை மீன் எல்லாம் ஹாலில் வந்து இறங்கின.

தையல் மெஷினில் இருந்த மனைவி தலையைத் தூக்கவே இல்லை.

“என்னங்க இது?”

“பேத்தை மீன். கோவம் வந்தா பலூன் மாதிரி ஊதிக்கும்.”

“அதான் வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. இன்னொண்ணு எதுக்கு?”

“இது வளர்க்கிறவங்களை அடையாளம் கண்டுக்கும். கையிலேருந்தே வாங்கிச் சாப்பிடும், தெரியுமா?”

“உங்க கையிலேருந்தா?”

அந்த ‘உங்க’வில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சாப்பிட வைக்கிறேன். என்ன பந்தயம்?”

“சாப்பிடலன்னா மீன் கடைக்குத் திரும்பிப் போகணும். ஜன்னலோரம் உங்க சாய்வு நாற்காலி இருக்கிற இடம் என் மெஷினுக்கு. இந்த இருட்டுல ஊசி கோக்க முடியல.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் கண் அந்த ஜன்னல்மேல்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். “சரி!” என்று கத்திவிட்டேன்.

தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். பாவம், சின்ன வாய்க்கு வலிக்குமே என்று மட்டிச் சிப்பியின் ஓட்டை உடைத்து, சதையை மட்டும் எடுத்து நீட்டினேன். மீன் வந்தது. மோந்து பார்த்தது. போய்விட்டது.

“சாப்பிடுடா ராஜா. மானத்தைக் காப்பாத்துடா.”

நான் முறைத்தால் ஆபீஸில் கணக்குப் பிரிவே நடுங்கும். இது என்னைத் திருப்பி முறைத்தது. ஆனாலும் விடவில்லை. இந்தக் கை இல்லாவிட்டால் அந்தக் கை என்று மாற்றி மாற்றி நீட்டினேன். வாரக் கடைசியில் எனக்கே அழுகை வந்துவிட்டது. பந்தயம் கிடக்கட்டும், பட்டினியில் செத்துத் தொலைத்தால் என்ன செய்வேன்?

“ஏங்க, அது வயிறு நல்லா உருண்டையாத்தானே இருக்கு?” என்றாள்.

“உனக்கென்ன தெரியும்? கோவத்துல ஊதியிருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை, சாட்சிக்கு அவள் தம்பி வந்து உட்கார்ந்தான். நான் குளித்துவிட்டு பயபக்தியோடு கையை உள்ளே விட்டேன். மீன் என் விரலைச் சுற்றி ஒரு வலம் வந்து, முதுகைக் காட்டி நின்றது.

“மாமா, மெஷினுக்கு நீங்க அந்தப் பக்கம் பிடிங்க” என்றான் மச்சான்.

பிடித்தேன். தூக்கும்போது அவளுடைய பட்டன் டப்பா சரிந்து திறந்தது. பட்டனா கொட்டியது? காலியான மட்டி ஓடுகள்!

“இது... இது எப்படி...”

“கடைக்காரர்கிட்ட கேட்டேன். அதோட பல்லு வளந்துகிட்டே இருக்குமாம். ஓட்டோட கடிச்சாத்தான் தேயுமாம். அதான் நீங்க ஆபீஸ் போனதும் வயிறு முட்டப் போடுவேன். இன்னிக்கு நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிட்டாச்சு.”

விரலால் தொட்டிக் கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டினாள். துரோகி! வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“அப்போ மீனைத் திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதானா?” தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

“அது எதுக்குப் போகணும்? சொன்ன பேச்சைக் கேக்குது. இருக்கட்டும்.”

“என் நாற்காலி?”

“மாடிப்படிக்குக் கீழே போட்டுக்கோங்க. சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டைத் தட்டுறேன், வந்துடுங்க.”

வர மாட்டேன் என்று படிக்குக் கீழே உட்கார்ந்து சபதம் செய்தேன். இதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவுதான்.

மத்தியானம் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. போய் நின்றேன். அவள் தட்டியது மீனுக்கு.