புல்தரையில் முளைத்த சூலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அம்மன் வந்தாள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வரவில்லை. பிரசவக்காரிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போகிற குண்டும் குழியுமான பாதையைச் சரிசெய்யவும் வரவில்லை. கோயில் முன்னால் இருக்கும் புல்தரையில் ஒரு படம் வரைந்துவிட்டுப் போக வந்தாள்.

படம் ஒரு சூலம். ஆள் நீளம். சுற்றிலும் புல் வெளுத்துக் கிடக்க, சூலம் மட்டும் கரும்பச்சையில் தழைத்து நின்றது. ஹட்டனிலிருந்து வேன், உடப்புசல்லாவையிலிருந்து லொறி, வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்த கூட்டம் வேறு. விழுந்து கும்பிட்டவர்களைவிட, விழுந்து கும்பிடுகிறவர்களைப் படமெடுத்தவர்கள் அதிகம்.

சூலத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பச்சைச் சாமி. அது முளைப்பதற்கு மூன்று வாரம் முன்பு எங்கிருந்தோ வந்து கோயில் மடப்பள்ளியில் தங்கியவர். "இந்த மண்ணுக்குள்ள ஆத்தா மூச்சு விடுறா, எனக்குக் கேக்குது" என்று வந்த அன்றே சொன்னார். மண்ணுக்குள் மூச்சு விடுவது மண்புழு. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சூலத்தின் ஓரத்தில் புல்லைக் கிள்ளிச் சிவப்புத் துணியில் முடிந்து கொடுப்பார். முட்டைக்கோவாப் பாத்தியில் புதைத்தால் புழு அண்டாதாம். ரோசாவில் கட்டினால் கொத்துக் கொத்தாகப் பூக்குமாம். மென்று தின்றால் வயிற்றுவலி போகுமாம். காணிக்கை தட்டில். மாடுகள் இத்தனை காலமும் காணிக்கை போடாமலே தின்றுவிட்டன, பாவம்.

முதலில் விழுந்து கும்பிட்டவர் மூக்கன் தலைவர். கோயில் கமிட்டிக்குத் தலைவர். தேயிலை மலையில் உரம் போடும் ஆட்களுக்கு இருபது வருடமாகக் கங்காணி. யூரியா விழுந்த இடம் எப்படிக் கறுத்துத் தழைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். விழித்திருக்கும்போது கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சாமிக்கு அருள் வந்தது.

"சூலத்தோட நடுமுனை எங்க காட்டுதுன்னு பாருங்க!"

பார்த்தார்கள். எங்கள் மரக்கறித் தோட்டத்தைக் காட்டியது.

"ஆத்தாளுக்கு அங்கதான் குடில் வேணுமாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பூமி பூசை. அன்னைக்குச் செடியெல்லாம் புடுங்கி எடத்த ஒப்படைச்சிரணும்."

எங்கள் துண்டு நிலம் ரோட்டோரம் இருக்கிறது. வேன் நிறுத்த வசதி. அந்த விவரமெல்லாம் ஆத்தாளுக்குத் தெரிந்திருந்தது.

ஆறே பாத்தி. லீக்ஸ், கரட், போஞ்சி, வேலியோரம் டேலியாப் பூ. அப்பா சாகும்வரை கல் பொறுக்கி, ஓடைக்கரையிலிருந்து மண் சுமந்து கட்டியவை. நான்கு தலைமுறை இந்த மலையில் உழைத்து எங்கள் கைக்கு வந்த மண் அவ்வளவுதான். அதற்கும் உறுதிப் பத்திரம் கிடையாது.

"குடுத்துருவோம் புள்ள" என்றாள் என் அம்மா பேச்சியம்மா. கண் கலங்கியிருந்தது.

"எதுக்கும்மா?"

"ஆத்தா கேக்கும்போது மாட்டேன்னு சொல்ல முடியுமா? நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"தொர பங்களா முன்னாலயுந்தான் புல்லு இருக்கு. அங்க ஏம்மா சூலம் வரல?"

"வாய மூடுடி. கெம்பஸ் போயி இதத்தான் படிச்சியா?"

இதற்குக் கெம்பஸ் தேவைப்படவில்லை. குனிந்து பார்த்தால் போதுமாக இருந்தது. சூலத்தின் நடுமுனையில் கையளவு புல் மஞ்சளாகக் கருகியிருந்தது. சாமியிடம் கேட்டேன்.

"அது ஆத்தாளோட கோவம், தாயி."

போன மாதம் எங்கள் லீக்ஸ் பாத்தியிலும் ஆத்தாளுக்கு அதே கோபம் வந்தது. அம்மா உரத்தை அளவுக்கு மீறிப் போட்டுவிட்டாள்.

அன்று பிற்பகல் எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பனிமூட்டம் இறங்கியிருந்தது. சாமி சாப்பிட்டுவிட்டு மடப்பள்ளியில் குறட்டை விட்டார். நான் புல்தரையின் கிழக்கு மூலைக்குப் போய் ஒரு சின்ன வேலை செய்தேன். பிறகு ஒட்டிய கடித உறை ஒன்றைத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னா புள்ள, கல்யாணக் கடுதாசியா?"

"இல்லீங்க தலைவரே. எனக்கும் அருள் வந்துச்சு. எழுதி ஒட்டியிருக்கேன். பூசையன்னைக்கு எல்லார் முன்னாலயும் நீங்கதான் பிரிக்கணும்."

"படிச்ச புள்ளைக்கே அருள் வருதே!" உறையைக் கண்ணில் ஒற்றிக் கோயிலில் அம்மன் காலடியில் வைத்தார்.

பத்து நாளும் மழை பெய்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது கிழக்கு மூலையில் இன்னொரு கரும்பச்சைப் படம். ஒரு நீள்வட்டம், உள்ளே கவட்டை போல இரண்டு கோடு. சாமி திகைத்து நின்றார். தான் போடாத படம் முளைத்தால் யார்தான் திகைக்கமாட்டார்கள்? ஆனாலும் தொழில் தெரிந்தவர்.

"பாதம்! ஆத்தா பாதம்! உள்ள சூல ரேகை தெரியுது பாருங்க! எடத்த மிதிக்கக் கெளம்பிட்டா!"

கூட்டம் அப்படியே சரிந்தது. ஒருத்தி கைக்குழந்தையின் நெற்றியைப் புல்லில் வைத்து எடுத்தாள். மூக்கன் தலைவர் முத்தமே கொடுத்தார். அம்மாவும் விழுந்து கும்பிட்டுவிட்டு, மண்வெட்டியோடு லீக்ஸ் பாத்தியில் இறங்கினாள்.

"அம்மா, நில்லு! தலைவரே, அந்தக் கவரப் பிரிங்க."

தலைவர் பிரித்துச் சத்தமாக வாசித்தார். "வெள்ளிக்கிழமை புல்தரையின் கிழக்கு மூலையில் ஒரு ரப்பர் செருப்பு முளைக்கும். வலது கால். வாருடன். மாதிரி: பேச்சியம்மாவின் செருப்பு. செலவு: ஒரு டம்ளர் யூரியா."

வாசித்துக்கொண்டே போனவர் கடைசிச் சொல்லில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாத்திகம்!" என்று கத்தினார் சாமி. "கண்ணு அவிஞ்சிரும் ஒனக்கு!"

"அவியட்டுங்க சாமி. அதுக்கு முன்னால ஒங்க மூட்ட முடிச்சக் கொஞ்சம் பாத்துக்கிறோம்."

மடப்பள்ளியில், பாய்க்கடியில், அரை மூட்டை வெள்ளைக் குருணை. தலைவர் இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். இருபது வருடக் கை பொய் சொல்லாது.

"யூரியா" என்றார்.

திரும்பிப் பார்ப்பதற்குள் சாமி ஒரு ஆட்டோவில் தொற்றிக்கொண்டார். ஆத்தாளைக் கூப்பிட்டுக்கொள்ள நேரமில்லை. காணிக்கைத் தட்டை எடுத்துக்கொள்ள நேரமிருந்தது.

அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இது என் செருப்பாடி?"

"ஆமாம்மா."

"நானும் விழுந்து கும்புட்டேனேடி!" பிறகு சட்டென்று கோபம் வந்தது. "லீக்ஸுக்கு வச்சிருந்த ஒரத்தையாடி கொண்டுபோயிக் கொட்டுன, பாவி?"

லீக்ஸ் இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. சூலமும் செருப்பும் ஒன்றாகவே வெளுத்துக்கொண்டு வருகின்றன. லயத்தில் சிலர் மட்டும் இன்னும் சொல்கிறார்கள்: "செருப்புதான் யூரியா. சூலம் நெசம்."

போன வாரம் வேனில் வந்த ஒருவர் கேட்டார்: "சாமி எங்கங்க?"

வேறு ஊருக்குப் போயிருக்கிறார், ஐயா. உங்கள் ஊராகவும் இருக்கலாம். புல் எங்கும்தான் இருக்கிறது. கும்பிடத்தான் குனியப் போகிறீர்கள். குனிந்ததும் குனிந்தீர்கள், கண்ணை மூடாமல் ஒரு தடவை பாருங்கள்.