இல்லாத நாயின் முடி

குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூட மாட்டேன் என்றது. நார்சிசோ தோளைக் கொடுத்து அழுத்திப் பார்த்தான். உள்ளே இருந்த நாலு வீட்டு நூடுல்ஸும் இரண்டு வீட்டுக் கருவாடும் ஒன்றாகச் சேர்ந்து அவனை வெளியே தள்ளின.

"இன்னிக்கும் ஆள் வந்தாங்களா?" என்றாள் அவன் மனைவி லிகாயா. முதியோர் இல்லத்தில் ஒரு ஷிப்ட்டை முடித்துவிட்டு, அடுத்த ஷிப்ட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் சாப்பிட வந்திருந்தாள். காலணியைக் கழற்றவில்லை. கழற்றினால் வீங்கிய கால் மறுபடி உள்ளே போகாது.

"மூணாம் மாடி அம்மா வந்தாங்க. முடி நுனி மட்டும் வெட்டிவிடுன்னாங்க."

"காசு?"

"வாங்குவேனா? நூடுல்ஸ் கொடுத்துட்டுப் போனாங்க."

லிகாயா பெட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். நின்றபடியே அந்த நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் நார்சிசோவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கனடாவில், வின்னிபெக் நகரின் அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். நார்சிசோ கைதேர்ந்த சலூன்காரன். இரண்டு தெரு தள்ளி, தெஸ்பாயே என்ற எத்தியோப்பியர் கடையில் ஜன்னலோர நாற்காலி அவனுடையதாக இருந்தது. ஆனால் அவனுடைய வேலை பெர்மிட் லிகாயாவின் பெர்மிட்டுக்கு வால். அவளுக்கு எதுவரை வேலை செய்ய அனுமதியோ அதுவரைதான் அவனுக்கும். அவளுடையது புதுப்பித்து வந்துவிட்டது. இவனுடையதற்கு விண்ணப்பம் மட்டும் போயிருந்தது, பதிலைக் காணோம். பதில் வரட்டும், வந்த அன்றே அவளுடைய இரண்டாவது ஷிப்ட்டை விடச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே கனவு.

விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது தரைத்தளத்து பெர்பெக்தா அக்கா. சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் எந்த விதியைக் கேட்டாலும் சட்டென்று சொல்வார், பைசா வாங்க மாட்டார். பழைய பெர்மிட் முடிவதற்குள் விண்ணப்பத்தை அனுப்பியே ஆக வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து விரட்டினார். அனுப்பி முடித்ததும் நார்சிசோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பழசு முடியற அன்னிக்கே கத்திரிக்கோலைக் கீழ வெச்சிடு. புதுசு கைக்கு வர்ற வரைக்கும் கடைப்பக்கம் தலைவெச்சுப் படுக்காதே. பிடிச்சாங்கன்னா ரெண்டு பேருக்கும் ஊருக்குப் பிளேன் டிக்கெட்தான்."

அதைச் சொல்லும்போது அவர் வீட்டை நார்சிசோ சுற்றிப் பார்த்தான். கட்டடத்திலேயே லட்சணமான வீடு அதுதான். சமையலறை அலமாரியைச் செய்தவர் ஒரு தச்சர், அவரும் பெர்மிட்டுக்காகக் காத்திருந்தவர்தான் என்றார் அக்கா. பெயின்ட் அடித்துக் கொடுத்தவரும் அப்படித்தான். ஜன்னல் திரைகளைத் தைத்த பெண் இப்போது டொரன்டோவில் சொந்தக் கடை வைத்திருக்கிறாளாம். எத்தனை பேருக்கு வழிகாட்டியிருக்கிறார் என்று நார்சிசோவுக்கு மலைப்பாக இருந்தது.

பெர்மிட் முடிந்த அன்று, இனி வர முடியாது என்று தெஸ்பாயேவுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினான். காரணம் சொல்லவில்லை. பெர்மிட் இல்லை என்று ஒரு முதலாளியிடம் சொல்ல வெட்கம். அக்கா சொன்னது சரிதானா என்று வேறு யாரிடமாவது கேட்கலாமென்றால் அதைவிட வெட்கம். இவ்வளவு செய்தவரை நம்பவில்லை என்றல்லவா ஆகிவிடும்? அவன் ஊர்க்காரர்கள் விமானத்திலிருந்துகூடக் குதிப்பார்கள், உதவி செய்த பெரியவரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

மறுநாளே பெர்பெக்தா அக்கா மாடியேறி வந்தார். சும்மா உட்கார்ந்தால் கைப்பழக்கம் போய்விடும், என் தலைக்குக் கொஞ்சம் சாயம் பூசிவிடு என்றார். காசு வாங்காமல் செய்தால் அது வேலையில்லை, உதவி என்று ஒரு விதியையும் சொன்னார். சாயம் அபாரமாக அமைந்துவிட்டது. அதுதான் அவன் செய்த தப்பு.

அடுத்த வாரத்துக்குள் எல்லா மாடிகளும் அவன் வீட்டு வாசலில். யாருக்கும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. காசை மட்டும் தொடவில்லை. ஆனால் வெறுங்கையோடு வரவும் அவர்களுக்கு மனசு வரவில்லை. நூடுல்ஸ், கருவாடு, அரிசி கேக் என்று வந்து குவிந்தது. சாப்பாடு கூலியாகுமா என்று பயந்துபோய் அக்காவிடம் ஓடினான். அவர் கொஞ்சம் யோசித்து, ஆகத்தான் செய்யும், திருப்பிக் கொடுத்துவிடு என்றார்.

கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்புவது அவன் வளர்ந்த வீட்டில் நடக்காத காரியம். ராவும் பகலுமாகச் சமைத்து ஒவ்வொரு பாத்திரத்தையும் நிரப்பித் திருப்பினான். கோழிக்கறியில் அவனுக்குக் கைமணம் உண்டு. விளைவு, முடி வெட்டிக்கொள்ள வந்த கூட்டத்தோடு பிறந்தநாள் விருந்துக்குச் சமைத்துத் தரக் கேட்கும் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

முதுகுவலி என்று படுத்துப் பார்த்தான். இஞ்சி போட்ட கோழிச் சாறு கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள், "நீ எழுந்திருக்காதே தம்பி, உட்கார்ந்துக்கிட்டே வெட்டு" என்று தரையில் அவன் முன்னால் உட்கார்ந்து தலையைக் கொடுத்தார்கள்.

கடைசி வழியாக, வெட்டத் தெரியாதவனாக மாறிவிடுவது என்று முடிவு செய்தான். தேவாலயப் பாடகர் குழுத் தலைவர் வந்து உட்கார்ந்தபோது, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு காதோரம் ஏற்றியும் ஒரு காதோரம் இறக்கியும் வெட்டினான். பின்னந்தலையில் ஒரு படிக்கட்டு. மனுஷர் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். கண் லேசாகக் கலங்கியது. ஆனால் சும்மா வெட்டிவிட்ட பையனைக் குறை சொல்வதா?

"நல்லா இருக்கு தம்பி. காத்தோட்டமா இருக்கு."

அதோடு விட்டிருக்கலாம். தனக்குப் பிடிக்கவில்லை என்று இவன் நினைத்துவிடக் கூடாதே என்று, திங்கட்கிழமை பாடகர் குழு முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் குழுவுக்கு வெட்டி முடித்து, தரையெல்லாம் முடியாகக் கிடந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கையில் கோப்போடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நார்சிசோ கத்திரிக்கோலைப் பின்பாக்கெட்டில் ஒளித்தான். குடியேற்ற அலுவலகம்தான், சந்தேகமே இல்லை. இனி இரண்டு பேருக்கும் பிளேன் டிக்கெட்தான்.

அவர் அவனைத் தாண்டித் தரையைப் பார்த்தார். "இது என்ன முடி?"

"நாய்" என்றான் நார்சிசோ.

"எந்த நாய்?"

"என் நாய். இப்ப வெளிய போயிருக்கு."

"தனியாவா?"

நார்சிசோ தலையாட்டினான். அந்தப் பெண்மணி கோப்பில் எதையோ எழுதினார். பிறகு நிதானமாகச் சொன்னார், தான் கட்டட நிர்வாகத்தின் ஆள் என்று. தரைத்தளத்து வீட்டில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டு தண்ணீர் போகவில்லையாம், மேல்மாடிகளிலிருந்து இறங்கும் குழாய்க்குள் கொத்துக் கொத்தாக முடியாம். அதை விசாரிக்க வந்த இடத்தில் நாய் வேறு. இந்தக் கட்டடத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்பது தெரியாதா? வாரக் கடைசிக்குள் நாயை வெளியேற்ற வேண்டும், வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லிகாயாவிடம் சொன்னான். அவள் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"இல்லாத நாயை யாருக்குக் கொடுக்கப் போறே?"

பாடகர் குழுத் தலைவர்தான் கைகொடுத்தார். நாயைத் தான் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். தேவாலயத்து ஆள் பொய் சொல்கிறோமே என்ற உறுத்தலில், நாயின் பெயர் என்ன, எதை விரும்பிச் சாப்பிடும் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். நார்சிசோ வளர்த்த நாயைப் பிரிந்துவிட்டான் என்ற செய்தி மாடிக்கு மாடி பரவியது. அன்று மாலையே துக்கம் விசாரிக்கக் கிளம்பி வந்துவிட்டார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை.

கடைசி ஆளும் போன பிறகு லிகாயா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். ஒரு டப்பா அவள் வீங்கிய காலின் மேல் விழுந்தது.

"எனக்கு நூடுல்ஸ் வேணாம்" என்றாள். "ஒரே ஒரு நாள் லீவு வேணும். காலை நீட்டிப் படுக்கணும். நீ ஊருக்கெல்லாம் உழைக்கிறே, எனக்கு மட்டும் அதுல ஒரு மணி நேரம்கூடக் கிடைக்க மாட்டேங்குது."

நார்சிசோ அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அழுதே விட்டான்.

பெர்மிட் வந்தபோது பனி உருகத் தொடங்கியிருந்தது. அவன் அதை இரண்டு தடவை படித்தான், மடித்தான், சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெஸ்பாயே கடைக்கு ஓடினான். ஜன்னலோர நாற்காலியில் இப்போது வேறு ஒருவன். தெஸ்பாயே கையிலிருந்த சவரக் கத்தியைக் கீழே வைத்தார்.

"வாப்பா. கோபம் தீர்ந்துச்சா?"

"என்ன கோபம்?"

"வர முடியாதுன்னு ஒரு வரி அனுப்பினியே. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

நார்சிசோ வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னான். தெஸ்பாயே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழசு முடியறதுக்குள்ளதானே எழுதிப் போட்டே? அப்போ பதில் வர்ற வரைக்கும் நீ பாட்டுக்கு வேலை பார்த்திருக்கலாமேப்பா. என் சம்சாரமும் அப்படித்தான் பார்த்தா. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

நார்சிசோ காத்திருப்போர் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நூடுல்ஸ், முதுகுவலி, படிக்கட்டு வெட்டு, நாய். எல்லாம் வரிசையாக வந்துபோயின. லிகாயாவின் இரண்டாவது ஷிப்ட்டை நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. உள்பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, நாளைக்கே வா என்று தெஸ்பாயே சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

திரும்பி வரும்போது கோபம் கொஞ்சம் அடங்கியது. பாவம், அக்காவுக்கு அந்த விதி தெரிந்திருக்காது. தெரியாமல் சொன்னதற்கு என்ன செய்வது? லிகாயாவும் தொலைபேசியில் அதையேதான் சொன்னாள். நமக்காக அலைந்தவர், மனசு நோகாமல் எடுத்துச் சொல், இன்னொருத்தர் நம்மைப்போல மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்றாள். நார்சிசோ வெறுங்கையோடு போக மனமில்லாமல் வழியில் ஓர் அரிசி கேக் வாங்கிக்கொண்டான். எப்படி ஆரம்பிப்பது என்று நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தான். "அக்கா, நீங்க தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா?"

பெர்பெக்தா அக்காவின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, தச்சர் செய்த அலமாரிக்குக் கீழே, ஒரு புது ஆள் பவ்யமாக உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் மாடிக்குப் போன மாதம் குடிவந்த வெனான்சியோ, குழாய் வேலைக்காரன். அவன் மனைவியும் முதியோர் இல்லத்தில்தான் வேலை பார்த்தாள். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையோட பழசு முடியுதில்லே தம்பி, அன்னிக்கே வேலையை நிறுத்திடணும், புரியுதா? அப்புறம் வீட்ல சும்மா உட்கார்ந்திருந்தா கைப்பழக்கம் போயிடும், சனிக்கிழமை வந்து இந்தத் தொட்டி அடைப்பைக் கொஞ்சம் பார்த்துக் கொடு."