முடிவு மாமாவின் பெஞ்சு

முடிவு மாமா என்ற பேரை நான் முதலில் கேட்டது, கல்யாணமாகி இந்தத் தீவில் படகை விட்டு இறங்கிய அன்று. "அவர்கிட்ட மட்டும் பேச்சுக் குடுத்துடாதே" என்றாள் என் ஓரகத்தி. சொன்னது அவளுடைய சொந்த அண்ணனைத்தான்.

இப்படி ஓர் இனம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு கதையின் முடிவு தெரிந்துவிட்டால் அதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாமல், எதிரே வருகிறவர் காதில் கொட்டிய பிறகுதான் மூச்சு விடுகிற இனம். எங்களுக்கு இருப்பதோ ஒற்றை அறை நூலகம். புத்தகங்கள் பெட்டியில் படகேறி வரும், படித்து முடித்தவை அதே பெட்டியில் திரும்பிப் போகும். பெட்டி இறங்கியதும் வாசல் பெஞ்சில் முதல் ஆளாக மாமா. ஒவ்வொரு கதைப் புத்தகமாகப் பின்பக்கம் திறப்பார், விரலை நாக்கில் தொடுவார், கடைசித் தாளைப் பார்ப்பார், மூடுவார். முடிந்தது படிப்பு.

அப்புறம் அந்த வாசலைத் தாண்டி யார் தப்ப முடியும்?

"என்ன எடுத்தே? ஓ, இதுவா. தம்பிதான் கொன்னான். போ, போய் நல்லாப் படி."

படகுக்காரர் மனைவி படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். இப்படியே ஒவ்வொருவராகக் கதை எடுப்பதை விட்டார்கள். "படிக்க ஆளில்லாத ஊருக்குப் பெட்டி எதுக்கு?" என்று பெட்டி அனுப்பும் அக்கரை நூலகத்தார் கேட்டுவிட்டார்கள். நூலகத்தைப் பார்த்துக்கொள்வது ஓரகத்தியின் மகள். தாய்மாமனை எழுந்து போ என்று சொல்ல வாய் வருமா? பெஞ்சைத் தூக்கிக் கொல்லையில் போட்டுப் பார்த்தாள். மாமா நின்றுகொண்டே சொன்னார்.

தம்பி கொன்ற கதையைப் படகுக்காரர் மனைவி திருப்பிக் கொடுத்த அன்றைக்கு, ஓரகத்தியின் மகள் அதை வாங்கவில்லை. வாசலைப் பார்த்துக் கேட்டாள்:

"மாமா, தம்பி ஏன் கொன்னான்?"

"ஏன்னா... கெட்டவன்."

"அண்ணன்மேல உசிரா இருந்தவனாச்சே?"

மாமா பார்த்த கடைசித் தாளில் அதெல்லாம் ஏது?

படகுக்காரர் மனைவி புத்தகத்தை இழுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"ஏன் கொன்னானாம்?" என்றார் மாமா.

"படிச்சுப் பாருங்க, மாமா."

ஊர் முழுக்க இந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டது. வேண்டுமென்றே அவரிடம் முடிவைக் கேட்டுவிட்டு, காரணம் தேட உள்ளே ஓடினார்கள். அலமாரி காலியானது, அக்கரையிலிருந்து பெட்டி வருவதும் நிற்கவில்லை.

அது கிடக்கட்டும். இதைப் படிக்க எடுத்ததும் உங்கள் கண் முதலில் கீழே கடைசி வரிக்கு ஒரு நடை போய்விட்டு வந்ததா? நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். பெஞ்சை மறுபடி வாசலில் போட்டாயிற்று, இடமும் காலி. மாமா இப்போது உள்ளே, ஜன்னலோர மேசையில், முதல் அத்தியாயத்தில் இருக்கிறார்.