ஆனிச் சாரலில் பெயிண்ட் அடித்தவர்

குற்றாலத்து மேகங்கள் இதுவரை ஒரே ஒரு மனிதரைப் பார்த்துத்தான் மிரண்டிருக்கின்றன. அவர், தென்காசியில் எனக்கு அடுத்த வீட்டில் இருந்த ரைட்டு அண்ணாச்சி.

செங்கோட்டை வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் போனதே தவிர வேலை போகவில்லை. கல்யாணப் பந்தியில் இடைவெளி தெரிந்தால், "உள்ள தள்ளி உக்காருங்க, நடுவுல எடம் கெடக்கு" என்று மாப்பிள்ளையின் தாய்மாமனையே நெட்டித் தள்ளுவார்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் மகள் வீட்டுக்குப் போன அவர் மனைவி, எங்கள் மதினி, திரும்பவில்லை. போனில் உத்தரவுதான் வந்தது. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போடுகிறவர் என்பதால் அது தெருவுக்கே வந்தது.

"வீட்ட வித்துட்டு இங்கன வந்து சேருங்க. ஆடி பொறந்துட்டுன்னா ஒருத்தனும் பத்திரம் பதிய மாட்டான். அப்புறம் ஆவணி வரைக்கும் நீங்களே பொங்கித் தின்னுட்டுக் கெடங்க."

அண்ணாச்சி பொங்கிய சோற்றை ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். அதைச் சுவரில் பூசியிருந்தால் பட்டி பார்க்கிற செலவு மிச்சம்.

ஆக, ஆனிக்குள் வீடு விற்றாக வேண்டும். வாங்குகிறவர்களும் ஆனியில்தான் வருவார்கள். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தெருவில் நடக்கும் அசலூர்க்காரர்களுக்கு, இங்கேயே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன என்று புத்தி தடுமாறும் மாதம் அது. ஆனால் சாரலும் ஆனியில்தான். மழையாவது வரும், கொட்டும், போய்விடும். சாரல் வெயிலுக்குள் நின்றுகொண்டே நனைக்கும். மலை சிரிக்கும்போது தெறிக்கும் எச்சில் அது. அதில் அப்பளமும் காயாது, பெயிண்டும் காயாது. பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

"ஒரு பெயிண்டர விட்டாலாவது..." என்று இழுத்தேன்.

"அவன் சீசன் முடிஞ்சு வாரேங்கான் தம்பி. அதுக்குள்ள நான் சோத்துக்குச் செத்துருவேன். இந்தக் குடையப் பிடிங்க."

பிடித்தேன். அவர் மேற்குச் சுவரில் பாசிப்பச்சையை அடித்துக்கொண்டே போனார். மேல்காற்று பின்னாலேயே வந்து அழித்துக்கொண்டே போனது. வாசலில் ஓடிய பச்சையில் படுத்தெழுந்த வெள்ளை ஆடு ஒன்று, தன் இனத்தாரே அடையாளம் தெரியாமல் முட்ட, தெருத்தெருவாக அலைந்தது.

"என்ன அண்ணாச்சி, சுவத்தக் குளிப்பாட்டுதீங்களா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"ஆமாட்டி, மெயின் அருவில கூட்டம். அதான் இங்கனயே ஆவட்டும்னு."

வீட்டுக்குள்ளும் அடித்தார். ஈரக்காற்றில் காயவில்லை. கரியடுப்பை மூட்டிக் கதவைச் சாத்தினார். சுவர் காய்ந்தது, கறுப்பாக. மறுபடி பச்சை.

ஆனி கடைசியில் மதுரையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. "ஏறுங்க, ஏறுங்க, உள்ள போங்க, முன்னால எடம் கெடக்கு" என்று கூடத்துக்குள் ஏற்றிவிட்டார்.

"வெல கூட இருக்கேய்யா" என்று சொன்ன மதுரைக்காரர், யோசிப்பதற்காகச் சுவரில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது சட்டை பச்சை. சுவரில் ஒரு முழு முதுகு.

ஆவணி வரைக்குமான சோறு அண்ணாச்சியின் முகத்தில் குழைந்து தெரிந்தது. அந்த முதுகுத் தடத்தைக் காட்டிக் கேட்டார்:

"சார், பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டா சீட்டு யாருக்கு?"

"போட்டவனுக்கு."

"நீங்க முதுகையே போட்டுட்டீங்க. இனி நானே நெனச்சாலும் வேற ஆளுக்குக் குடுக்க முடியாது."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் எதிர்ச் சுவரைப் பிடித்தார். அங்கே ஐந்து விரல்.

"ரெண்டு சீட்டு" என்றார் அண்ணாச்சி.

ஆடி பிறப்பதற்குள் பத்திரம் பதிந்தாயிற்று. கிளம்புகிற அன்று பெட்டியோடு வாசலில் நின்றவரிடம், "உள்ள ஒருக்கா பாத்துட்டு வாங்களேன்" என்றேன்.

"வேண்டாம் தம்பி. கைபட்டா பெயிண்ட் போயிரும்." சாவியை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

புதியவர்கள் ஆவணியில்தான் பால் காய்ச்ச வருவதாக இருந்தது. அந்த ஆடி முழுக்கச் சாயங்காலமானால் நான் போய் அந்த வீட்டு முன்விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கூடத்தில் நிற்பேன். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் கேட்டால், சுவர் காய்ந்துவிட்டதா பார்க்க என்பேன்.