அதிகாரி குடித்த பேட்டரித் தண்ணீர்

அறிவாளி செய்கிற முட்டாள்தனத்தைவிட ஆபத்தான சமாச்சாரம் உலகத்தில் கிடையாது. முட்டாள் தப்பு பண்ணினால் பக்கத்தில் இருப்பவன் "டேய், டேய்" என்று தடுத்துவிடுவான். அறிவாளி பண்ணினால் "அவனுக்குத் தெரியாததா?" என்று எல்லோரும் வழிவிட்டு நிற்பார்கள். அறுபதுகளில் செஞ்சியில் அப்படி ஒரு அறிவாளி இருந்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் சயன்ஸ் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க். (நான்தான். வேற யாரு வருவா இந்த மாதிரி மாட்டிக்க?)

அப்போது நான் பஞ்சாயத்து ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. வேலையில் பிரச்சினை இல்லை, அந்த 'தற்காலிக'த்தில்தான் பிரச்சினை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேட்டரிக் கடை வைத்திருந்த என் தாய்மாமன், தன் மகள் சரோஜாவை எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்ததும் பேச்சு மாறிவிட்டது.

"பர்மனென்ட் ஆவட்டும்டா கோதண்டம், பாக்கலாம். திண்டிவனத்துலேர்ந்து ஒரு வரன் கேட்டுக்கினே இருக்கறாங்க. சித்திரை வரைக்கும் பொறுப்பேன், அதுக்கு மேல என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டார். அப்போது மாசி பாதி முடிந்திருந்தது. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் மதராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. ஊரில் புதிதாகப் போட்ட தெருக்குழாய்களைப் பார்வையிட வருகிறார். என் ஃபைலும் அவர் மேஜையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "யோவ், அவர் மனசு கோணாம பாத்துக்க. சாயந்திரம் ஜீப்ல ஏத்தும்போது உன் விஷயத்தை நானே சொல்றேன்" என்றார். நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிடாத குறைதான்.

அதிகாரி வந்தார். பஜார் குழாய் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், குனிந்து மோந்துகூடப் பார்த்தார். ஒரு வாய் குடிக்கவில்லை. நிர்வாக அதிகாரி சொம்பை நீட்டியபோது பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார்.

"நான் ஊர்த் தண்ணி தொடறதில்லே. வீட்டிலேர்ந்து பாட்டில்ல கொண்டு வருவேன். இன்னிக்கு ஜீப் குலுக்கலில் அது உடைஞ்சு போச்சு. பாட்டில் தண்ணி ஏதாவது கிடைக்குமா?"

பாட்டில் தண்ணி! செஞ்சியில் அப்போது பாட்டிலில் கிடைத்தது மூன்றே மூன்று. கோலி சோடா, விளக்கெண்ணெய், இருமல் மருந்து. சோடா வேண்டாம், வயிறு உப்பும் என்று அவரே சொல்லிவிட்டார். நிர்வாக அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்குள் இருந்த சயன்ஸ் மார்க் விழித்துக்கொண்டது. உலகத்திலேயே சுத்தமான தண்ணீர் எது? வாலை வடிநீர்! டிஸ்டில் வாட்டர்! பேட்டரிக்கு ஊத்தற அது எங்கே இருக்குது? என் மாமா கடையில! (அன்றைக்கு எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் செருப்பைத் தேடுகிறேன்.)

சைக்கிளில் பறந்தேன். மாமா கடையில் இல்லை. எதிரே ஒரு லாரியின் முன்பக்கத்தைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். "மாமா, ஒரு டிஸ்டில் வாட்டர் எடுத்துக்கறேன்!" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினார். கதவோரம் இருந்த மரப்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். கழுத்தில் ஏதோ நூல் கட்டி, மேலெல்லாம் தூசி. அதிகாரிக்குக் கொடுக்கிற பொருள் அப்படியா இருப்பது? நூலை அறுத்து எறிந்து, பாட்டிலை வேட்டியால் பளபளவென்று துடைத்து, ஈரத்துணி சுற்றிக் கொண்டுபோனேன்.

அதிகாரி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "பேஷ், பேஷ்" என்றார். செஞ்சிக்கு வருகிற எந்த அதிகாரிக்கும் ஆபீஸ் வேலை பாதி, கோட்டை பாதி. பாட்டிலைப் பியூனிடம் கொடுத்து, நிர்வாக அதிகாரியோடு கோட்டை இருக்கிற ராஜகிரி மலை ஏறப் புறப்பட்டுவிட்டார். ஜீப் போனதும் மாமாவிடம் பெருமையடிக்க நேராகக் கடைக்கு வந்தேன்.

"மாமா, உங்க டிஸ்டில் வாட்டரை யார் குடிக்கப் போறாங்க தெரியுமா? மதராஸ் ஆபீசரு!"

மாமா கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "குடிக்கவா? நீ எந்தப் பெட்டியில எடுத்தே?"

"கதவாண்ட இருக்குற பெட்டியிலதான்."

"அடப்பாவி! அதுல ரெண்டும் கலந்து கெடக்குதுடா! நேத்து எடம் பத்தலேன்னு நான்தான் போட்டு வச்சேன். செவப்பு நூல் கட்டுனது ஆசிட்டு, வெள்ளை நூல் கட்டுனது தண்ணி. உன்னுது இன்னா நூலு?"

"நூலு... அறுத்துப் போட்டுட்டேன் மாமா."

"கலரு இன்னாடா?"

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. ரெண்டு பேரும் நாலு காலில் விழுந்து தரையில் தேடினோம். கடை வாசலில் சிவப்பு நூலும் கிடந்தது, வெள்ளை நூலும் கிடந்தது. தினம் பத்து பாட்டில் திறக்கிற கடையில் வேறென்ன கிடக்கும்? மாமாவின் உதடு வெளுத்துவிட்டது. "கொலைடா கோதண்டம், கொலை" என்றார். பர்மனென்ட் போச்சு, சரோஜா போச்சு என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் ஒரு மனுஷன் தொண்டை வெந்து சாகப்போகிறான் என்பது உறைத்தது. அந்த வரிசையில் நினைத்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை ரோட்டில் மிதித்தேன். அவர் நல்ல கனம். வழியெல்லாம் "முருகா, அந்தாளுக்குத் தாகம் எடுக்கக் கூடாது" என்று வேண்டிக்கொண்டே வந்தார். மாசி வெயில், மலை ஏறுகிறவனுக்குத் தாகம் எடுக்கக் கூடாதாம்! கோட்டை அடிவாரத்தில் ஜீப் காலியாக நின்றது. சைக்கிளைப் போட்டுவிட்டுப் படியில் ஓடினேன். மாமா இருபதாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ போடா, போடா" என்று கையைக் காட்டினார்.

நூறு படி ஏறினேனோ, இருநூறு ஏறினேனோ, தெரியாது. மூச்சு வாங்கி நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. "சார்" என்று கூப்பிடப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. ஒரு திருப்பத்தில் தலையைத் தூக்கினால், மேலே பாறை நிழலில் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். பியூன் பாட்டிலைச் சாய்த்து டம்ளரில் ஊற்றிக்கொடுக்கிறான். அதிகாரி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிறார்.

பாய்ந்தேன். என் கை டம்ளரில் பட்டதைவிட அவர் கன்னத்தில்தான் நன்றாகப் பட்டது. டம்ளர் உருண்டு கீழே போனது. மூக்குக் கண்ணாடி அதன் பின்னாலேயே போனது. தண்ணீர் முழுவதும் அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. நான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆசிட்டாக இருந்தால் ஓட்டை விழ வேண்டும், புகை வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. சட்டை வெறுமனே நனைந்திருந்தது.

"பைத்தியமா உனக்கு?" அதிகாரி எழுந்து நின்று கத்தினார். "அரை பாட்டில் குடிச்சாச்சு, இது மூணாவது டம்ளர்!"

அய்யோ, என் தெய்வமே! அவர் காலில் விழுந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அவர் அதை மன்னிப்பு கேட்பதாக எடுத்துக்கொண்டார். நிர்வாக அதிகாரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் ஆசிட் இருந்தது.

அதிகாரி சட்டையை உதறிக்கொண்டே பேச ஆரம்பித்தார். "இதுதான்யா தண்ணி! என்ன ருசி, என்ன லேசு! உங்க குழாய்த் தண்ணி இதுகிட்ட நிக்க முடியுமா? இப்படித் தண்ணி குடுக்கத் தெரியணும்னுதான் ரிப்போர்ட்ல எழுதப் போறேன்."

அதற்குள் மாமா தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்ந்திருந்தார். அதிகாரி உயிரோடு பேசுவதைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டவர், பேச்சைக் கேட்டதும் திருதிருவென்று முழித்தார். என்னைத் தள்ளிக்கொண்டுபோய்க் காதில் சொன்னார்.

"டேய், மதராஸ் சரக்கு வந்து நாலு மாசம் ஆவுதுடா. கடைக்கு எதிர்ல இருக்குது பாரு குழாயி, அதுல புடிச்சுத்தான் அடைச்சு விக்கறேன். லாரிக்காரனுங்களுக்குத் தெரிஞ்சா கடையைக் கொளுத்திடுவானுங்க."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வார்த்தை போதும். "சார், நீங்க குடிச்சதே எங்க பஜார் குழாய்த் தண்ணிதான்" என்று சொன்னால் குழாய் ஜெயிக்கும், ஆபீஸ் ஜெயிக்கும், என் ஃபைலில் கையெழுத்தும் விழலாம். மாமா கடை போய்விடும். மாமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குய்யா தட்டிவிட்டே?" என்று அதிகாரி கேட்டார்.

"டம்ளர்ல பூரான் இருந்துச்சு சார்" என்றேன்.

நம்பவில்லை. அடுத்த வாரமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பர்மனென்டாக. நைனா, அதாவது என் அப்பா, என்னோடு பேசுவதை நிறுத்தினார். சரோஜாவுக்குத் திண்டிவனத்து வரனே முடிவாகிவிட்டது என்று ஊரே பேசியது. நான் வெளியே தலைகாட்டவில்லை.

பங்குனியில் ஒரு காலை, மாமா தாம்பூலத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அத்தை, அவர் சம்சாரம், பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தாள். "வேலை வெட்டி இல்லாதவனுக்கா பொண்ணைக் குடுப்பாங்க? உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

மாமா தட்டை நைனா முன்னால் வைத்தார். "வேலை கெடைக்கும், போவும். வாயைத் தொறக்காத மாப்பிள்ளை கெடைப்பானாடி?"

அப்படித்தான் சரோஜா என் வீட்டுக்கு வந்தாள். மாமா கடைக்கு நானும் போனேன். முதல் வேலையாகப் பெட்டிகளைத் தனித்தனியாக வைத்து, நிஜமான டிஸ்டில் வாட்டரும் வரவழைத்தேன். ராத்திரி அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. ஒரு வாரத்தில் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் மூடியைத் திருகினால் சரோஜா கையைப் பிடித்துக்கொள்கிறாள். "இருங்கடா. மொதல்ல உங்க தாத்தா ஒரு வாய் குடிக்கட்டும். பத்து நிமிஷம் பாத்துட்டு, உசுரோட இருந்தார்னா நாம குடிக்கலாம்" என்கிறாள். பந்தியே சிரிக்கிறது. நானும் வாயைத் திறக்காமல் வாங்கிக் குடிக்கிறேன்.