கணப்புக்கு வைத்த பொட்டு

ஒரகடத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் அடிக்கும் நாட்கள் உண்டு, வெயில் கொஞ்சம் ஓய்வெடுக்கும் நாட்கள் உண்டு. அப்படியிருந்தும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கணப்பு இருக்கிறது. எங்களுக்கு முன்னால் இங்கே குடியிருந்த வெளிநாட்டு எஞ்சினியர், ஊர் ஞாபகம் தாங்காமல் சுவரில் பொருத்தியது. உள்ளே சுட்ட மண்ணால் செய்த ஏழு விறகுக்கட்டைகள். பட்டை, முடிச்சு, பூச்சி அரித்த ஓட்டை எல்லாம் அசல் மரம் மாதிரியே இருக்கும். கட்டை எரியாது. அடியில் உள்ள குழாயில் கேஸ் எரியும். கட்டைதான் எரிகிறது என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காக எரிந்தால் புகையே வராதாம். அதனால் புகைபோக்கியும் கிடையாது.

நான் எண்ணுகிறவன். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் ஆயுள் முழுக்க நட்டும் போல்ட்டும் எண்ணிவிட்டு ஓய்வு பெற்றேன். கை நின்றது, வாய் நிற்கவில்லை. பேத்தி யாழினியைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்களில் ஒரு பெரியப்பா இன்னொரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தபோது, என்னையறியாமல் "ஒன்பது" என்று சொல்லிவிட்டேன். (மனதுக்குள்தான் சொன்னேன் என்று இன்றும் நம்புகிறேன்.) அந்தப் பக்கத்திலிருந்து அப்புறம் போனே வரவில்லை.

எனவே மணிமங்கலத்திலிருந்து அருளின் வீட்டார் வருவதாக இருந்த அந்தத் தை மாதக் காலையில் யாழினி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, இந்தப் பையனை எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னிக்கு நீங்க எதையும் எண்ணக் கூடாது."

"சரிம்மா."

"வாய்விட்டு மட்டும் இல்ல. உதடு அசையறதும் தெரியும்."

வெளியே மூடுபனி. எதிரிலிருந்த பெரிய கிடங்கையும் காணோம், அதன் மேலிருந்த விளக்குகளையும் காணோம். கம்பெனி பஸ்கள் மட்டும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ கரைந்துகொண்டிருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியே கிளம்பி வந்து எங்கள் தெருவில் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அன்று பார்த்து என் மகனை ஷிப்டு முடிந்தும் லைனில் ஏதோ கோளாறு என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். ஆக, வீட்டுக்குப் பெரிய மனிதன் நான்தான்.

வந்தவர்கள் மூன்று பேர் (இது எண்ணிக்கை அல்ல, பார்வை). அருள், அவன் அப்பா தணிகாசலம், அம்மா செல்வி. அந்த அம்மாள் உட்கார்ந்ததும் கேட்டது கணப்பைத்தான்.

"போட்டோல பாத்தேனே, வூட்டுக்குள்ளயே நெருப்பு எரியுமாமே? கொஞ்சம் கொளுத்திக் காட்டுங்களேன்."

மருமகள் மல்லிகா பதறினாள். "மாமா, அவர் வந்து பத்த வைக்கட்டுமே."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். (தெரியாது.)

குமிழை அழுத்தித் திருப்பினேன். ஓரத்தில் நீல மொட்டு மாதிரி ஒரு சின்னச் சுடர் பூத்தது. கையை எடுத்தேன். செத்தது. மறுபடி பூத்தது, மறுபடி செத்தது. குமிழுக்குக் கீழே ஒட்டியிருந்த தாளில், முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்கவும் என்று எழுதியிருந்தது.

எண்ணும்வரை! பேத்தியைப் பார்த்தேன். அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தொடங்கினேன். கூடம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பது எல்லாம் சமையலறை வரைக்கும் கேட்டதாம். கையை எடுத்தேன். செத்தது.

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து குப்புறப் படுத்தார். நானும் படுத்தேன். அவர் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார்.

"பெரியவரே, அந்தச் சுடருக்குப் பக்கத்துல ஒரு கம்பி மூக்காட்டம் நீட்டிகினு கீதே, அது இன்னா?"

"நெருப்பு எரியுதான்னு அதுதான் பார்க்கும். சூடு தெரியலேன்னா கேஸை நிறுத்திடும்."

"அதும் மேல மஞ்சளா அப்பிகினு கீதே?"

எனக்கு உடம்பு குளிர்ந்தது. ஒரகடத்தில் எனக்குக் குளிர்ந்தது அன்றுதான்.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் மோட்டார், மிக்சி, ஸ்கூட்டர், இஸ்திரிப்பெட்டி என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. இந்தக் கணப்புக்கு நெற்றி இல்லை. தேடிப் பார்த்ததில் மூக்குதான் கிடைத்தது. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தேன். காய்ந்து ஓடு கட்டியிருந்தது.

"சாமி கும்புட்டுக் கண்ணக் கட்டிட்டீங்களே!" என்றார் தணிகாசலம். கேஸை அடைத்துவிட்டு நகத்தால் சுரண்டினார். ஜன்னலைத் திறந்து கொஞ்சம் பொறுத்துப் பற்ற வைத்தோம். சுடர் நின்றது. குமிழை முழுசாகத் திருப்பினேன்.

பொன்னிறத்தில் எழுந்தது பாருங்கள், நெருப்பு! செல்வி அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். யாழினியின் கம்மல் மின்னியது. அருள் நெருப்பைப் பார்க்கவில்லை, கம்மலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷம் அப்படியே உறைந்துவிடக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

உறையவில்லை. காற்றில் கறுப்புப் பூக்கள் மாதிரி ஏதோ மிதந்து வந்தது. ஒன்று கேசரியில் இறங்கியது. ஒன்று செல்வி அம்மாளின் மல்லிகைச் சரத்தில். அப்புறம் கூடம் முழுக்க மெதுவாக, அவசரமே இல்லாமல், கரி பெய்தது. கனவில் மழை பெய்வது மாதிரி சத்தமே இல்லை.

"மாமா, அணைங்க!" என்று மல்லிகா கத்தியதில்தான் விழித்தேன். கேஸை மூடி, கதவையெல்லாம் விரியத் திறந்து, எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். பனிக்குள் நின்ற எங்களில் வெள்ளையாக இருந்தது பனி மட்டும்தான். செல்வி அம்மாள் தன் பட்டுப்புடவையைப் பார்த்தாள். யாழினியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. போச்சு, முதலில் பஜ்ஜி, இப்போது கரி என்று நினைத்தேன். என்னைக் கிடங்குக்குள் வைத்துப் பூட்டினாலும் தகும்.

செல்வி அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு (கரி இன்னும் நன்றாகப் பரவியது) என்னிடம் கேட்டாள்:

"அதுல எத்தினி கட்டை?"

நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். "சொல்லுங்க தாத்தா."

"ஏழும்மா."

"நான் ஆறுதான் எண்ணுனேன்."

"ஏழாவது பின்னால இருக்கு. பூஜைக்குத் துடைச்சப்ப தாறுமாறா கிடந்துச்சேன்னு நான்தான் நெருக்கமா அடுக்கி வச்சேன்."

"அதான! நெருப்பு வர்ற வழியில கட்டையப் போட்டு அடைச்சா, கரி கக்காம இன்னா பண்ணும்? ஏழுன்னு சரியாத் தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்." அவளுக்குக் கோபம் புடவைக்காக அல்ல, கணக்கு ஒன்று தவறியதற்காக.

அருள் அன்று முதல் தடவையாக யாழினியிடம் பேசினான். "எங்கம்மா பஸ் ஏறுனா சீட்டு எண்ணுவாங்க. வர்ற வழியில லாரி எண்ணிகினே வந்தாங்க."

யாழினி சிரித்தாள். கன்னத்துக் கரியில் கண்ணீர் ஒரு கோடு போட்டிருந்தது. அவன் எதையோ சொல்ல, மறுபடி சிரித்தாள். எத்தனை தரம் சிரித்தாள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். நடுவில் எங்கேயோ விட்டுவிட்டேன். திருப்பி எண்ணத் தோன்றவில்லை.

கல்யாணம் ஆகிவிட்டது. கட்டைகளை அந்த எஞ்சினியர் வைத்திருந்த மாதிரியே தாறுமாறாக மகன் வைத்துவிட்டான். நான் கிட்டே போகக் கூடாது என்று தரையில் ஒரு சாக்பீஸ் கோடும் இருக்கிறது. (அது அழிந்தால் மல்லிகா திரும்பப் போடுவாள்.) ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மணிமங்கலத்திலிருந்து போன் வரும்.

"பெரியவரே, இந்த வருசம் பொட்டு எத்தினி?"

"நாப்பதும்மா."

"மூக்குக்கு?"

"வைக்கலைம்மா."

"எங்க வூட்ல நாப்பத்தி ஒண்ணு," என்பாள் செல்வி அம்மாள். ஒரு வருஷம்கூட அவள் என்னிடம் தோற்றதில்லை. இங்கிருந்து அங்கே போன என் பேத்தியின் ஸ்கூட்டரையும் சேர்த்து எண்ணுகிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பதில்லை.