எல்ஃப்ரீடேயும் என் காலை ரொட்டியும்

மாறமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னாலும் மாறமாட்டேன். டாக்டருக்குப் பாடம் எடுத்த டாக்டர் வந்து சொன்னாலும் மாறமாட்டேன்.

விஷயம் மெட். பச்சைப் பன்றி இறைச்சியைக் கொத்தி, உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்து, வட்ட ரொட்டியில் விரல் தடிமனுக்கு அப்பி, மேலே வெங்காயம் தூவித் தின்கிற மெட். ஹாம் நகரத்து ரயில் யார்டில் இரவெல்லாம் சரக்குப் பெட்டிகளைக் கோத்துப் பிரித்துவிட்டு நான் வீடு திரும்பும்போதுதான் ஊர் பல் துலக்குகிறது. எல்லோருக்கும் நாள் தொடங்குகிறது, எனக்கு முடிகிறது. அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு வெறுமை வந்து உட்காரும். அதை எழுப்பி அனுப்ப ஒரு மெட் ரொட்டி, ஒரு பீர். வாழ்க்கையிடம் நான் கேட்டது அவ்வளவுதான். ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது என்று சொல்லி டாக்டர் அதிலும் கைவைத்தார்.

டாக்டரை ஏமாற்றலாம். அவர் நம்மோடு சாப்பிட உட்காருவதில்லை. என் மனைவி ரோஸ்விதா உட்காருவாள். போதாததற்கு மருந்துக் கடையில் வேலை.

"இனிமே மெட் கிடையாது, ஹோல்கர்."

நான் கூடத்திலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினேன். உள்ளே எல்ஃப்ரீடே சுருண்டு கிடந்தது. சின்ன ஜாதி மலைப்பாம்பு. மரியாதைக்காக மாமியாரின் பெயரை வைத்தேன். அன்றிலிருந்து மாமியார் என்னோடு பேசுவதில்லை. பாம்பு வளர்ப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

"அதைப் பாரு. உயிரோட ஓடுற சுண்டெலியைத் தவிர எதையும் தொடாது. பிறவிக் குணம். ஒரு பாம்பையே மாத்த முடியலை, என்னை மாத்தப் போறியா?"

இந்த உவமை எங்கிருந்துதான் வந்து தொலைத்ததோ. எல்ஃப்ரீடேயின் சாப்பாட்டுக்காக நான் நிலவறையில் சுண்டெலி வளர்த்துக்கொண்டிருந்தேன், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். ரோஸ்விதாவின் போர்வைகளெல்லாம் சுண்டெலி வாசனை. கடையில் விற்கிற உறைந்த எலிக்குப் பாம்பைப் பழக்கு என்று அவள் கெஞ்சாத நாளில்லை. நான் அசைந்ததில்லை.

"பாம்பு மாறினா நீயும் மாறுவியா?" என்றாள்.

"மாறுவேன்."

பக்கத்து வீட்டு ஓலாஃப் இரவல் வாங்கிய துளைக்கருவியைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றிருந்தான். நானும் ரோஸ்விதாவும் கையைக் கோத்தோம். ஓலாஃப் நடுவில் தன் கையால் வெட்டிவிட்டான். அப்படி மூன்றாம் ஆள் வெட்டிவிட்ட பந்தயத்திலிருந்து பின்வாங்கியவன் எங்கள் பக்கத்தில் வீட்டை விற்றுவிட்டுப் போவதுதான் நல்லது. கெடு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தியாக ஏற்றுவோமே, அதில் முதல் ஞாயிறு. அதுவரை பாம்பைப் பழக்குவது அவள் பாடு. அதுவரை மெட் என் உரிமை.

"நானே கலந்து தர்றேன்," என்றாள். "தூக்குல போடப் போறவனுக்குக்கூடக் கேட்டதைக் குடுக்குறாங்க."

எங்கள் ஊரில் கூடுகிற பாம்புச் சந்தைக்குப் போய் உறைந்த எலிகளையும் ஒரு தாடிக்காரரிடம் பாடத்தையும் வாங்கி வந்தாள். எலியை வெந்நீரில் போட்டு இளக்கவேண்டும். சுண்டெலிக் கூட்டிலிருந்து எடுத்த மரத்தூளில் பொதிந்து வைத்தால் வாசனை ஏறும். பிறகு முடி உலர்த்தும் கருவியால் எலியின் தலையைச் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டவேண்டும். பாம்பு மூக்கை நம்பி ஏமாந்துவிடுமாம். சமையலறை மேஜையில் செத்த எலிக்கு அவள் தலை உலர்த்திய கரிசனத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என் தலைக்கு அது வாய்த்ததில்லை.

முதல் நாளே எல்ஃப்ரீடே தலையை நீட்டியது. நாக்கு ஆடியது. பாம்பு எலிக்கு ஒரு சாண் தூரத்தில், என் மெட் அதலபாதாளத்துக்கு ஒரு சாண் தூரத்தில். நல்லவேளை, ஏதோ யோசித்துத் திரும்பிக்கொண்டது.

இனி சும்மா இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். ரோஸ்விதா கடைக்குப் போயிருக்கும் மதியத்தில் எழுந்து, நிலவறையில் கொழுத்த சுண்டெலிகளாகப் பொறுக்கி எல்ஃப்ரீடேக்கு விருந்து வைத்தேன். வயிறு நிறைந்த பாம்பிடம் உறைந்த எலியை அல்ல, உயிருள்ள மாட்டையே ஆட்டினாலும் அசையாது. சாயந்தரம் அவள் இடுக்கியோடு வருவாள். ஆட்டுவாள். பாம்பு, மாமியார் என்னிடமிருந்து திரும்புவதுபோலத் திரும்பிக்கொள்ளும்.

ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் காலை நான் அவள் எதிரில் சத்தம் போட்டு மென்றேன். ஒரு ரொட்டி போதும் என்ற இடத்தில் இரண்டு கேட்டேன். முகம் சுளிக்காமல் அப்பிக் கொடுத்தாள். பாவம், உடைந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. மேஜையில் பைன் வளையம், முதல் மெழுகுவத்தி, காபி. நடுவராக ஓலாஃப். ரோஸ்விதா கடைசி முறையாக எலியை ஆட்டினாள். எல்ஃப்ரீடே மரக்கட்டைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது. ஹோல்கர் ஜெயித்தான் என்று ஓலாஃப் அறிவித்தான்.

வெற்றி விருந்துக்கு மெட் கேட்டேன். வந்தது. வாய் நிறையக் கடித்துக்கொண்டு ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். பிறவியில் வந்த ருசியை எவராலும் ஏமாற்ற முடியாது, பாம்பானாலும் சரி, மனிதனானாலும் சரி, என்று.

"இது எப்படி இருக்கு?" என்றாள் ரோஸ்விதா.

"கசாப்புக்காரன் இதுவரைக்கும் இப்படி ஒண்ணு குடுத்ததில்லை."

"அவர் குடுத்தாத்தானே."

மேஜையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். அரிசிப் பொரி. வட்ட வட்டமாக அழுத்தி, பத்தியக்காரர்கள் கடிப்பதற்கென்று விற்பது.

"இதை நொறுக்கித் தண்ணி தெளிச்சு, தக்காளி விழுது, வெங்காயம், மிளகு. முதல்ல பாதி இறைச்சி, பாதி பொரி. அப்புறம் வெறும் பொரி. கசாப்புக் கடைக் காகிதத்துல ராத்திரி பூரா சுத்தி வெச்சா வாசனை ஏறிடுது. எல்லாம் தாடிக்காரர் சொன்ன வழிதான்."

நான் மெல்வதை நிறுத்தினேன். "காகிதம் வந்துச்சுன்னா இறைச்சியும் வந்திருக்கணுமே. அது எங்க?"

ஓலாஃப் மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். "வீணாப் போகக்கூடாதுன்னுதான்," என்றான்.

"பந்தயம் பந்தயம்தான்," என்றேன். "பாம்பு மாறலை. நான் மாற வேண்டியதில்லை."

"மாறலைதான். மத்தியானத்துல நீ அதுக்கு ஊட்டினா எப்படி மாறும்? கூட்டுல சுண்டெலி குறையுறது எனக்குத் தெரியாதா? உனக்கு ஒரு வேலை இருக்கட்டும்னு விட்டேன். நீ பாம்பையே பாத்துக்கிட்டிருந்தாத்தான் எனக்குச் சமைக்க வசதி." என் தட்டிலிருந்த துணுக்கைத் துடைத்தாள். "அதுவாவது மோந்து பாத்துட்டு வாயைத் திறக்கும்."

மறுவாரம் சுண்டெலிக் கூட்டைத் தாடிக்காரருக்குத் தாரைவார்த்துவிட்டாள். பசி எடுத்ததும் எல்ஃப்ரீடே உறைந்த எலியை ஒரே வாயில் விழுங்கியது. துரோகி.

நான் அப்படி இல்லை. ஜெயித்தவன் நான், ஓலாஃபே சாட்சி. மாறமாட்டேன் என்றேன், மாறவில்லை. இன்றைக்கும் விடிந்ததும் மெட் ரொட்டிதான் தின்கிறேன். பொரி தீர்ந்தால் மட்டும் வேலை முடிந்து வரும் வழியில் நானே வாங்கி வந்துவிடுகிறேன்.